விகுதி

தமிழில் வினைச்சொல்லின் வால்தான் காட்டிக்கொடுக்கும்.
'வந்தான்' என்றால் தீர்ந்தது.
அதனால் வீட்டில் எப்போதும்
வந்தாங்க, சொன்னாங்க, சிரிச்சாங்க.

யாருக்குடா இவ்வளவு மரியாதை,
ஹெச்ஓடி பொண்ணா என்பான் அண்ணன்.

காலேஜ் முதல் வருஷம்.
பாரிமுனை பஸ்ஸில் படியில் தொங்கியபோது
காலரைப் பிடித்துக்கொண்டான் அருளப்பன்.
ராயபுரம் பாலம் இறங்கி
உட்கார இடம் கிடைத்த பிறகும்
விடவில்லை.

பத்து வருஷமாக அந்தக் காலர்
'ஆங்க'வுக்குள் மடிந்து கிடக்கிறது.

நேற்று
தரகர் வைத்துப்போன போட்டோக்களை
ஃப்ரிட்ஜ் மேல் தள்ளிவிட்டு
அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.
தலை நிமிரவில்லை.

"ஞாயித்துக்கிழமை அவங்க வராங்களா?"

ம்.

ஓடு விழுகிறது, இன்னொரு ஓடு.

"காரம் தாங்குவானா...
தாங்குவாங்களா?"