வரியில் சேராதவை

இன்றைக்கு ஒன்பது பேர்.
கைக்கணினியில் முப்பத்தொரு கேள்வி,
கேள்விக்குக் கேள்வி விடைப்பட்டியல்,
பட்டியலுக்கு வெளியே பேசுகிறவர்களுக்கு
'மற்றவை' என்றொரு கட்டம்.
அதற்குள் இரண்டு வரி இடம்.

சுங்கவரி சாராத் தடைகள் என்பதை
மூச்சு வாங்காமல் சொல்லப் பழகிவிட்டேன்.
"வரி இல்லையென்றால் நல்லதுதானே, பெண்ணே"
என்றார் ஷைலோபெக்.
அவர் முற்றத்தில் வெள்ளைப் பீன்ஸ் மூட்டைகள்
கூரையைத் தொட்டு நின்றன.
தலாஸ் முழுக்க இந்த மாதம் அப்படித்தான்,
படுக்கையறையிலும் மூட்டை.

ஒவ்வொரு லாரிக்கும் இரண்டு கிலோ மாதிரி.
பிஷ்கெக் ஆய்வகம் நல்ல பயறு என்கிறது.
வாங்குகிறவன் நாடு அந்த முத்திரையை நம்பாது.
மூன்றாவது ஒரு நாட்டுக்குப் போய்
அதே இரண்டு கிலோ
அதே நல்ல பயறாகத் திரும்ப
பத்தொன்பது நாள்.
"பயறு மாறவில்லை,
விலை மாறிவிட்டது."
சான்றிதழ் தேவை, ஏ எண்பத்து மூன்று.
தொட்டேன். அடுத்த கேள்வி.

பெர்மெத் தேன் விற்கிறாள்.
சீட்டில் எழுத்தின் உயரம் போதாதென்று
ஆறாயிரம் புட்டி நின்றுபோனது.
மகனின் பள்ளி அளவுகோலை வைத்து
எனக்கும் அளந்து காட்டினாள்:
ஒரு மில்லிமீட்டர், அப்புறம் கொஞ்சம்.
அந்தக் கொஞ்சம்தான் போதவில்லை.
பழைய சீட்டுகள் அடுப்பருகே கட்டுக்கட்டாய்.
"பசை இருக்கிறதல்லவா, சட்டென்று பிடிக்கும்."

ஒருவர் எல்லை வரிசையிலிருந்தே பேசினார்.
எந்த அலுவலகம் தடுத்தது?
மூன்றாம் எண் ஜன்னல்.
காரணம்?
ஜன்னல் மூடியிருக்கிறது.
பட்டியலில் மேலும் கீழும் தேடினேன்,
மூடிய ஜன்னல் இல்லை.
'தாமதம்' என்று வைத்துக்கொள்ளலாமா என்றேன்.
வைத்துக்கொள் என்றார்,
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்,
நகர்வதற்கு இல்லை, சும்மா.

எசென்குல் வீடு கடைசி.
கிடங்கில் மூட்டை இல்லை.
தராசின் மேல் பழைய படுக்கை விரிப்பு.
தேநீர் ஊற்றி, ரொட்டி பிய்த்து வைத்து,
மூக்குக் கண்ணாடியைத் துடைத்து,
பரீட்சைக்கு உட்காருகிறவர் போல
நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கேள்வி ஒன்று:
கடந்த ஆண்டு ஏற்றுமதி செய்தீர்களா?

"இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு
பதினெட்டு டன்னும் திரும்பி வந்தது, அதிலிருந்து…"

'இல்லை'யைத் தொட்டவுடன்
திரை பச்சையானது.
நேர்காணல் முடிந்தது. நன்றி.

அவர் இன்னும் தொடங்கவில்லை.

என்ன போட்டிருக்கிறது, படி என்றார்.
நன்றி என்று போட்டிருக்கிறது.
"யாருக்கு?"

கணினியைக் கவிழ்த்து வைத்தேன்.
இரண்டு மணி நேரம் சொன்னார்.
துறைமுகக் கட்டணம், கடன், விற்ற லாரி,
இப்போது மருமகன் மாஸ்கோவில் ஓட்டும் வேறு யாரோ ஒருவரின் லாரி.
கடைசியில் ஒரு தீப்பெட்டி எடுத்துவந்தார்.
உள்ளே ஒரு வண்டு.
பதினெட்டு டன்னில் அவர்கள் கண்டுபிடித்தது,
செத்துப்போனது, எள்ளைவிடச் சிறியது.
சரக்கோடு உறையில் போட்டு
அவருக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

"சான்றிதழே இல்லாமல்
இரண்டு முறை எல்லை தாண்டியவன்
இந்த ஊரில் இவன் ஒருவன்தான்"
என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ என்னவோ.

இரவு விடுதியில் இணைப்பு வந்ததும்
எல்லாம் தலைமையகத்துக்குப் போயிற்று.
தடை கண்டவர்கள்: எட்டில் ஆறு.
அறிக்கையில் இதைப் பின்னமாகப் போடுவார்கள்.
எசென்குல் அதன் தொகுதியிலும் இல்லை,
பகுதியிலும் இல்லை.
ஒன்பதாவது படிவத்தின் எதிரே
'தகுதியற்றவர்' என்று வந்திருந்தது.

கோட்டுப் பையில் கைவிட்டால்
அவர் திணித்தனுப்பிய ரொட்டி.
நாளை கிழக்குப் பக்கம், பதினொரு பேர்.
முதல் கேள்வியைக்
கடைசியில் கேட்டுப் பார்க்கலாம்,
கருவி விடாது.