நீங்கள் உதவ வேண்டாம்

பதினோரு வருடமாக இந்த ஊரில்
முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடிப்பதுதான்
எனக்குச் சம்பளம்.
எதிர்காலம் சொல்வதில்லை.
என் ரேகைகள் இறந்தகாலம் மட்டும் பேசும்.

எல்லோரிடமும் ஒரே வாக்கியம்:
கையை என்னிடம் விட்டுவிடுங்கள்,
உருட்டுவது நான், நீங்கள் உதவ வேண்டாம்.
யாரும் கேட்பதில்லை.
குடியேற்றத்துக்கு வருகிறவர்கள்
விரலைத் தாங்களே அழுத்துவார்கள்,
நல்லவர் என்று காட்ட
அழுத்தம் போதும் என்பதுபோல்.
கண்ணாடியில் கோடு மேல் கோடு ஏறிக் கலங்கும்.

மாரிவிக் டுமாலகன் மூன்றாம் தடவையாக வந்தாள்.
ஷெடியாக் பக்கம் நண்டு ஆலை.
இரவு ஷிஃப்ட் முடிந்து நேரே பஸ் ஏறி.
வலைத்தொப்பியின் தடம் நெற்றியில் இன்னும் சிவப்பாக.
வலது கட்டைவிரல்: இயந்திரம் மறுத்தது.
சுட்டுவிரல்: மறுத்தது.
நடுவிரலுக்குக் கொஞ்சம் யோசித்து
அதையும்.

இரண்டு வாரம் களிம்பு தடவி, கையுறை போடு,
உப்புத்தண்ணீரைத் தொடாதே
என்று போன தடவை சொன்னது நான்தான்.
செய்தாயா என்றேன்.
"தூங்கும்போது போட்டேன், மேடம் ரோபிஷோ.
மற்ற நேரம் வேலை."

ரியாத்தில் நான்கு வருடம், ஹாங்காங்கில் ஆறு,
இங்கே நான்கு நண்டுப் பருவம்.
மூன்று அரசாங்கமும்
இவள்மேல் ஒன்றும் இல்லை என்று
ஆளுக்கொரு தாள் தர வேண்டும்.
ஒன்றும் இல்லை என்பதற்கு
எண்பத்தைந்து டாலர். தபால் தனி.

ரேகை விழாத விரலுக்குப் படிவத்தில் காரணம் கேட்பார்கள்.
துண்டிக்கப்பட்டது, கட்டுப் போடப்பட்டது:
இரண்டே கட்டம்.
தேய்ந்தது என்று ஒரு கட்டம்
அச்சடித்தவருக்குத் தோன்றவில்லை.

அடி இழுப்பறையிலிருந்து மையை எடுத்தேன்.
பழைய முறை. தகடு, உருளை, தடித்த அட்டை.
நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை
மெதுவாக, ஒரே உருட்டல்.
சுட்டுவிரலின் குறுக்கே வெள்ளையாக ஒரு வெட்டு.
"கத்தியா?"
"நண்டு. ஆனால் வழக்குப் பதியவில்லை."
அவளே சிரித்துக்கொண்டாள்.

உதவ வேண்டாம் என்றேன், வழக்கம்போல.
உதவவில்லை.
மோதிரவிரலுக்கு வந்தபோது கை கனத்தது.
இத்தனை வருடத்தில்
ஒரு கை தன் முழு எடையோடு
என்னிடம் வந்தது அன்றுதான்.
நிமிர்ந்து பார்த்தேன்.
மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்து
நின்றபடியே தூங்கியிருந்தாள்.

எழுப்ப வாய் திறந்து, மூடிக்கொண்டேன்.
மோதிரவிரல். சுண்டுவிரல்.
சுற்றி வந்து இடது கையை எடுத்தேன்.
வெளியே வரிசையில் ஒருவர் இருமினார்.
இருமட்டும்.
விரல் விரலாகக் கோடுகள் எழுந்து வந்தன,
மெலிந்து, அங்கங்கே அறுந்து,
ஆனால் வரிசை மாறாமல்.

கடைசி விரலுக்கு விழித்து
மன்னிப்புக் கேட்டாள், இரண்டு தடவை.
துடைத்த பஞ்செல்லாம் கறுத்தும் மை போகவில்லை.
நாலு மணிக்கு மறுபடி ஷிஃப்ட்,
கையுறைக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று
அட்டையை உறையில் போட்டு
மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

முடிவு எங்கள் கவுண்டருக்கு வருவதில்லை.
கிடைத்ததா, திருப்பினார்களா,
எனக்குச் சொல்ல யாருக்கும் கடமையில்லை.

கதவைத் தள்ளிய இடத்தில்
கண்ணாடிமேல் ஒரு கட்டைவிரல் இருந்தது.
சுழி, கிளை, எல்லாம் தெளிவாக.
இயந்திரத்தைத் தூக்கிவந்து காட்டலாம் போல.
மாலையில் கதவைத் துடைப்பதும் என் வேலைதான்.
வெள்ளிக்கிழமை, சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

திங்கள் வந்தபோது
யாரோ துடைத்திருந்தார்கள்.