பதினெட்டு நாள் தண்ணீர்

அல்னிஃபுக்குக் கிழக்கே
பாஸ்ஸூ கடலைத் தோண்டுகிறான்.
முப்பத்தெட்டுக் கோடி ஆண்டுக்கு முன்பு
மொராக்கோ என்ற பெயர்கூட இல்லாமல் கிடந்த கடல்.
இப்போது கருங்கல்.
உளியால் பிளந்து
அதன் பூச்சிகளை எடுத்து விற்கிறான்.
ட்ரைலோபைட்.
முதுகில் வரி, கண்ணில் அடுக்கு,
சாகும்போது சுருண்டது
சுருண்டபடி.

பத்தில் ஏழு உடைந்தே வரும்.
அவன் மனைவி இத்தோ
பசையும் பல்குச்சியுமாக உட்கார்ந்து
ஒன்றின் தலையை
இன்னொன்றின் வாலோடு சேர்ப்பாள்.
வாங்குகிறவனுக்குத் தெரியாது.
தெரிந்தவன் பாதி விலை கேட்பான்.

ஐந்து வருஷம் மழையில்லை.
ஆறாவது வருஷம், அக்டோபரில்,
ஓர் இரவு முழுக்கக் கொட்டியது.
வறண்ட ஓடை எழுந்து வந்து
லஹ்சனின் லாரியைக் குப்புறத் தள்ளியது.
தோண்டிய குழி, இருபதடி நீளம்,
பால் விட்ட தேநீராக நிரம்பி நின்றது.
வானத்தைத் திட்ட அங்கே யாருக்கும் மனம் வராது;
பாஸ்ஸூ வாளியைத் திட்டினான்.

பத்தாம் நாள்
இறைக்கப் போன இத்தோ
வாளியோடு ஓடி வந்தாள்:
"உன் கல்லுக்கெல்லாம் உயிர் வந்துவிட்டது.
வந்து பார்."

வாளிக்குள் சுற்றியது அது.
முதுகில் கேடயம்.
பின்னால் நூல் போல இரட்டை வால்.
அடியில் எண்ணி முடியாத கால்கள்
காற்றில் கோதுமைக் கதிராக அலைய,
நெற்றியில் இரண்டு கண்,
நடுவே இன்னொன்று.
நெற்றிக்கண்தான்.
யாரையும் எரிக்காது;
வெளிச்சம் எந்தப் பக்கம் என்று
கேட்டுக்கொண்டேயிருக்கும்.

இருபது வருஷம் இந்த உருவத்தைப்
பிணமாகவே பார்த்தவன்
உள்ளங்கையில் ஏந்தினான்.
கிச்சுகிச்சு மூட்டியது.
சிரித்துவிட்டான்.

(உறவில்லை என்றாள்
பின்னொரு நாள் ரபாத்திலிருந்து வந்த ஆய்வாளர்.
இது வேறு கிளை, இறால் நண்டின் பக்கம்;
சட்டை மட்டும் ஒரே தையல்.
இத்தோ தலையாட்டினாள்.
யார் தலையையோ யார் வாலோடோ
ஒட்டிப் பிழைக்கிறவளுக்கு
உறவு அத்தனை கறாரான விஷயமில்லை.)

குழிக்குள் அவகாசம் இல்லை.
சேற்றைத் தின்றன, பாசியைத் தின்றன,
பிறகு ஒன்றையொன்று.
வளர வளரச் சட்டையை உரித்தெறிந்தன;
தண்ணீர்மேல் கண்ணாடிச் சட்டைகள் மிதந்தன.
முட்டைகளைச் சேற்றுக்குள் புதைத்தன.
குழி பாயளவு சுருங்கி
பிறகு தட்டளவு சுருங்கியபோது
மூச்சுக்கு வழியின்றி உடம்பு சிவந்து
மல்லாந்து நீந்தின,
வானத்துக்கு அடிவயிற்றைக் காட்டியபடி.

பதினெட்டாம் நாள்
சேறு அப்பளமாக வெடித்தது.
கொண்டைக்குருவிகள் வந்து
மிச்சத்தைச் சுத்தம் செய்தன.

முட்டைகள் மட்டும் கிடந்தன,
மணலுக்கும் அவற்றுக்கும்
வித்தியாசம் தெரியாதபடி.
அடுத்த மழைக்கு எல்லாம் எழாது.
கொஞ்சம் எழும்.
மீதி, தண்ணீர் வந்து தட்டினாலும்
கதவைத் திறக்காது.
முதல் மழை ஏமாற்றலாம்,
இரண்டாவதும் ஏமாற்றலாம்.
ஊரே பட்டினி கிடந்தாலும்
யாரும் கை வைக்காத
விதைநெல்.

பாஸ்ஸூ என்ன செய்வான்?
நல்ல அடுக்கு அந்தக் குழிக்கு அடியில்தான்.
மண்வெட்டியை எடுத்தான்.
அள்ளிக் கொட்டிய தூசி
அவன் கால்சட்டை மடிப்பில் ஏறியது,
லஹ்சனின் டயர் பள்ளத்தில் ஏறியது,
கொஞ்சம் இத்தோவின் தலைத்துணியில்.
வைக்கோல் தீர்ந்துபோன நாளில்
அந்தத் தூசியையே வாரிப் போட்டு
ட்ரைலோபைட்டுகளைப் பெட்டியில் அடுக்கினாள்.
ரசீதில்
இறந்தவற்றுக்குத் தனித்தனியே விலை.
தூசிக்கு எதுவும் எழுதவில்லை.

ஹாம்பர்கில் யாரோ ஒருவர்
பெட்டியைப் பிரித்து
பால்கனி ஓரத்தில் தட்டுவார்.
அங்கே நேற்றும் மழை, இன்றும் மழை.
இத்தனை தண்ணீரை
நம்பலாமா கூடாதா என்று
ஓடுக்குள் ஒரு முட்டை
யோசித்துக்கொண்டிருக்கும்.