அடிக்கட்டை

மூன்றங்குல உயரம்தான் என்றாள் சோலான்ஜ்.
காரின் பின்கதவைத் திறந்ததும்
தானாக வழுக்கி வந்து
ரிமூஸ்கியின் பிப்ரவரிப் பனிக்கட்டியில்
நின்றதாம் கிட்டார்,
வார் மாட்டும் முளை கீழே இருக்க.

வெளியே ஒரு கீறல் இல்லை.
விளக்கை உள்ளே விட்டு
பல் மருத்துவரின் கண்ணாடியால் பார்த்தேன்:
முளைக்கு மேலும் கீழும்
நேர்கோடாய்ப் பிளந்து கிடந்தது அடிக்கட்டை.

நின்றவாக்கில் ஓடும் இழை.
கூம்பிய முளையோ ஓர் ஆப்பு.
இழை வழிகாட்டினால்
ஆப்பு வேறென்ன செய்யும்?

கிடைவாக்கில் வைத்திருக்கலாமே என்பீர்கள்.
பக்கப் பலகையின் இழையும் அதே திசை.
கட்டை பிளந்தால் அதுவும்
கூடவே கிழியும், கூட்டாளி போல.

நின்றவாக்கில் வைத்தாலோ
மேல்பலகைக்கும் பின்பலகைக்கும்
கட்டையின் வெட்டுமுகம்தான் கிடைக்கும்.
வெட்டுமுகம் பசையைக் குடிக்கும்,
பிடிக்காது.

கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினேன்.
துளைக்கு நேரே ஒரு சீட்டு.
பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.
கையெழுத்து என்னுடையது.

சோலான்ஜுக்குத் தெரியாது.
படகில் சமைக்கிறவள்,
யாரிடமோ பழசாக வாங்கியிருக்கிறாள்.

நினைவு வந்தது அந்த மகோகனித் துண்டு.
ஒரு கதவின் மிச்சம்.
நிறத்துக்காக எடுத்தேன்,
யாரும் பார்க்கப்போகாத இடத்துக்கு
நிறம்!
தட்டினேன், காதருகே வைத்தேன், மறுபடி தட்டினேன்,
மணி போல ஒலித்தது.
கண்ணாடி போல இழைத்தேன்.
இழைத்தது மரத்தை மட்டுமல்ல.

பின்பலகையைச் சூடான கத்தியால் விலக்கிவிட்டு
அலமாரி முன் நின்றேன்.
வால்நட் நல்லது. மேப்பிள் கனம்.
செர்ரி நேற்றுதான் வந்தது, இன்னும் காயவில்லை.
கீழ்த்தட்டில்
இழுப்பறைக்கு வெட்டியதில் மிஞ்சிய
பிர்ச் ஒட்டுப்பலகை.
ஒன்பது தாள், ஒன்றன் குறுக்கே ஒன்று;
யாருக்கும் வழிவிடாத ஒன்பது பேர்
ஒரே வரிசையில் நிற்பது போல.

இரண்டு துண்டை ஒட்டி, வளைவுக்கு இழைத்து,
முளைத்துளையை அவசரமில்லாமல் அகட்டினேன்.

சனிக்கிழமை வந்தாள்.
பணம் வேண்டாம் என்றதும் முறைத்தாள்,
சீட்டைக் காட்டியதும் சிரித்தாள்.
பிறகு உள்ளே எட்டிப் பார்த்து,
"ஒட்டுப்பலகையா?" என்றாள்,
பத்தொன்பது வருடம் முன்பு
நான் கேட்டிருக்கக்கூடிய அதே குரலில்.

ஆமாம் என்றேன்.
தட்டிக்கூடப் பார்க்கவில்லை.