நாலும் ரெண்டும்

முதலில் பெயர் இல்லை, கயிறுதான் இருந்தது.
அதுவும் என்னுடையதில்லை,
லியோவினுடையது.

என் லைனில் குவாலிட்டி பார்க்கும் ரெஜினா மேடம்
படியில் வழுக்கி, காலில் மாவுக்கட்டு.
"ஒரு மாசம் இவனை நடத்திட்டு வா முனிலட்சுமி,
பணம் தர்றேன்."
எனக்கு செகண்ட் ஷிஃப்ட்.
சிப்காட் பஸ் ஒன்றேகாலுக்கு.
காலை சும்மாதான் கிடந்தது,
காலும்.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள்.
கயிறு என் கையிலேயே தங்கிவிட்டது.
எதிர் ஃபிளாட் பீகிள்,
ஏழாவது மாடி லேப்ரடார்,
ராயக்கோட்டை ரோட்டு டாக்டர் வீட்டில்
கன்னடத்தில் சொன்னால் மட்டும் உட்காரும்
கிழட்டுப் பொமரேனியன்.
ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு.
நாய்க்கு என்றுதான் சொல்ல வேண்டும்,
வாய் வரவில்லை.

புருஷன் சீனப்பாதான் சிரித்தான்:
"நாய்ப் பொழப்புன்னே போர்டு வை.
ஊருக்கே புரியும்."
ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் பேசியதும் பேருக்காகத்தான்.

'ஹேப்பி டெயில்ஸ்'
அத்திப்பள்ளி தாண்டினால் தெருவுக்கு ஒன்று இருக்கிறதாம்.
'ராயல் பாஸ்' என்றாள் மகள்.
பாஸா ஃபெயிலா என்றான் சீனப்பா.
'பைரவா வாக்கிங் சர்வீஸ்'
நன்றாகத்தான் இருந்தது.
பீயள்ளும் கவரோடு
சாமி பேரையும் ஒரே கையில் பிடிக்க
மனசு கூசியது.

ராத்திரி மழை பெய்த ஒரு காலை,
ராமநாயக்கன் ஏரிக்கரைச் சேற்றில்
திரும்பிப் பார்த்தேன்.
லியோவின் நாலு, என் ரெண்டு,
லியோவின் நாலு, என் ரெண்டு.
நடுவில் ஓரிடத்தில் மட்டும் எல்லாம் கலைந்து கிடந்தது.
அங்கே ஒரு அணில்.

தாலுகா ஆபீஸ் பக்கம் நயாஸ் கடையில்
நூறு கார்டு சொன்னேன்.
"நாலும் ரெண்டுமா? கணக்கு ட்யூஷனாக்கா?"
விளக்கினேன்.
தலையாட்டிக்கொண்டே
பச்சைப் புல்வெளியில் வெள்ளைக்கார நாய் ஒன்றை
பெரிதாகப் போட்டார்.
ஓசூரில் அப்படிப் புல் எங்கேயும் இல்லை.
"நாலு இருக்கு, ரெண்டு எங்கே?"
"அதான் உங்க நம்பர் போட்டிருக்கேனே."

கார்டு எல்லாருக்கும் கொடுத்தாயிற்று.
ரெஜினா மேடம் ஃபோனில் நான் 'லியோ வாக்'.
பீகிள் வீட்டுப் பையனுக்கு 'டாக் ஆன்ட்டி'.
டாக்டர் வீட்டம்மா தெலுங்கில்
'குக்கல அக்கா' என்று வைத்திருக்கிறார்.
தப்பில்லை,
அந்தப் பேரில் அடித்தாலும் நான்தான் எடுக்கிறேன்.

கேட்டில் ஒரு நோட்டு.
ஒடிசாக்கார பிகாஷ் தினமும் எழுதுவான்.
பேர்: முனி.
எதற்கு: நாய்.
எங்கிருந்து என்ற கட்டத்தில் ஒரு கோடு.
எனக்கு மேலே கூரியர், கீழே கேஸ்,
அவர்களுக்கெல்லாம் கம்பெனி பேர்.
ஐந்து மாதமாய் எனக்கு அந்தச் சின்னக் கோடு.

இன்றைக்குப் பேனாவை வாங்கினேன்.
கட்டம் போதவில்லை,
'ரெண்டும்'
வெளியே போகும் நேரத்துக் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டது.
பிகாஷ் நோட்டைத் திருப்பிப் பார்த்தான்.
தமிழ் தெரியாது அவனுக்கு.
"கம்பெனி?"
"கம்பெனி."
சரி என்று கேட்டைத் திறந்தான்.

வெளியே வழக்கம்போல்
காது நுனி வெட்டிய செவலை நின்றிருந்தது.
யார் வீட்டு நாயும் இல்லை.
கயிறும் இல்லை, மாசக் கணக்கும் இல்லை,
ஏரிவரை வந்து ஏரியிலிருந்து திரும்பும்.
பேர் வைக்கச் சொல்கிறாள் மகள்.
வைத்தால் ரேட் சொல்ல வேண்டும்.
விட்டுவிட்டேன்.

லியோ மூன்றாவது கம்பத்தில் உட்கார்ந்துகொண்டான்,
இன்றைக்கும்.
செவலை போய்
அவன் காதில் ஏதோ மோந்தது.
எழுந்துவிட்டான்.