ஈரக் கையுறை

லங்னாவில், பழைய சீஸ் கிடங்கின் பின்முற்றம்.
தீயணைப்பு நிலையத்துக்கு நேற்றே சொல்லியாயிற்று:
சனிக்கிழமை புகை வரும், பதற வேண்டாம்.

ஊர்சினாவுக்கு இடுக்கி. ரெட்டோவுக்கு கேஸ்.
எனக்கு மூடி.
மரத்தூள் நிரப்பிய டிரம்மின் தகர மூடி,
என் மார்பை மறைக்கும் அகலம்.

முதலில் உடுப்புச் சோதனை.
பருத்தி என்றால் உள்ளே வா,
நைலான் என்றால் வேலிக்கு அப்பால் நில்.
பியாட் போட்டு வந்த ஓட்டக்காரச் சட்டை
பொறி பட்டால் உருகி
தோலோடு தோலாய் ஒட்டிவிடும்.
"தொண்ணூறு பிராங்க்" என்றான்.
"தோல் என்ன விலை?" என்றேன்.
ரெட்டோவின் வேலைச்சட்டைக்குள்
பாதி காணாமல் போய் நின்றான்.

என் பின்னல் கொண்டையாகிவிட்டது.
தாலிக்கொடி வீட்டில், சீனிப் பேணிக்குள்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால், உலோகம் சூடேறும் என்றிருப்பேன்.

கொடியில் கிடந்த கையுறை
இரவு மழையில் நனைந்திருந்தது.
நல்லதுதானே, நெருப்புக்குத் தண்ணீர் பகை என்று
மாட்டப் போனேன்.
ஊர்சினா பிடுங்கி எறிந்தாள்.
ஈரம் நொடியில் ஆவியாகுமாம்,
கை உள்ளுக்குள் வெந்துவிடுமாம்.
அவளுக்கு இட்லிச் சட்டி தெரியாது.
எனக்குத் தெரியும். உலர்ந்த சோடியைத் தேடினேன்.

ஆயிரம் டிகிரி.
உலை திறந்ததும்
பியாட்டின் கிண்ணம் இடுக்கியில் வந்தது,
உரித்த தோடம்பழம்போல, உள்ளிருந்து ஒளிர்ந்து.
மரத்தூள் பற்றிக்கொண்டது.
அப்போது பார்த்துக் காற்று திரும்பியது.
அப்போது பார்த்து அவன்
போனை நீட்டிக்கொண்டு ஓரடி முன்னே வந்தான்.

"விலத்து!"

ஏழு ஆண்டு படித்த ஜெர்மன்
ஒரு சொல் தரவில்லை.
ஆனாலும் விலத்தினான்.
எல்லோரும் விலத்தினார்கள்,
வேலியோரம் நின்ற நாய்கூட.
மூடியை அழுத்தினேன்.
என் இடப்புருவம் பொசுங்கும் வாசம்
எனக்கே வந்தது.

பிறகு காத்திருப்பு.
இருபது நிமிடம் யாரும் மூடியைத் தொடக்கூடாது.
உள்ளே பசியோடிருக்கும் புகை
காற்றைக் கண்டால் மறுபடி தீயாகும்.
பியாட் மூன்று முறை நேரம் கேட்டான்.
மூன்று முறையும் பொய் சொன்னேன்.

திறந்தபோது கிண்ணம் இரண்டாய் விண்டிருந்தது.
அவன் முகம் சுருங்கியது.
நான் அவன் விரல்களை எண்ணினேன்.
பத்தும் இருந்தன.

வீட்டில் தாலியை எடுத்தேன்.
கொடி முழுக்க எறும்பு.