கறை, கரை

சனிக்கிழமை காலை
குவெக் தியோங் செங் கட்டிய நகரத்தைப் பார்க்க
இருபது பேர் குடையோடு கிளம்புகிறார்கள்.
வழிகாட்டிப் பெண் நிமிரச் சொல்கிறாள்:
அந்த வளைவு, அந்தத் துணிச்சல்,
காற்றுக்கென்று விட்டுவைத்த இடைவெளி.
நான் அதே கட்டடங்களுக்குப்
பின்வாசல் வழியே போகிறவன்.
இருபத்திரண்டு வருடமாக
அவருடைய ஒழுகல்களை அடைக்கிறேன்.

அவர் புகழ் எனக்கு வாளிக் கணக்கில் தெரியும்.

பீச் ரோட்டில் அந்த நீளக் கட்டடம்.
ஏழாம் மாடி நடைபாதையில் வாட்டம் தப்பி
தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல்
தையல்கடைக்குப் போகும்.
குவீன்ஸ்டவுனில் சந்தைக் கூரை,
உலரப் போட்ட மீன்வலை மாதிரி;
பத்திரிகைகளில் படமாக வந்த கூரை.
அதன் மடிப்பில் மைனா கூடு கட்டும்,
கூடு குழாயை அடைக்கும்,
கோழிச்சோற்றுக்காரர் என்னை அழைப்பார்.
காலாங் பக்கம் ஒரு நூலகம்.
அதைப் பற்றிப் பேசவேண்டாம்.
மூன்று முறை தார்ச்சீலை போட்டேன்.
மழை வரிவிடாமல் படிக்கும்,
எனக்குத்தான் ஒரு வரி தப்பிவிடும்.

ஏணியைப் பிடித்தபடி ஷஹாபுதீன் கேட்பான்:
“பாஸ், இந்த ஆளுக்கு மழையே தெரியாதா?”
“லண்டனில் படித்தவர்.”
“லண்டனில் மழை இல்லையா?”
“அங்கே தூறும். இங்கே கொட்டும்.”
கையில் சிமெண்டு காயும்வரை
ஒரு பெரிய மனிதரைத் திட்டுவது
எவ்வளவு இதம்.

போன நவம்பரில் ஓர் அழைப்பு.
அதே பீச் ரோட்டுக் கட்டடம், பதினெட்டாம் மாடி.
சாவியோடு நின்றவர் அவருடைய தங்கை மகள், மிஸ் யோங்.
வீட்டை விற்கிறார்கள்.
படுக்கையறைச் சுவருக்கு மட்டும்
வெள்ளையடித்துத் தரவேண்டும்.

ஆக, அவர் வீடும் ஒழுகியிருக்கிறது.
முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைக்கமாட்டேன்.

அலமாரியை நகர்த்தினோம்.
சுவரில் தேத்தண்ணீர் நிறத்தில் ஒரு தீவு.
அதைச் சுற்றிப் பென்சில் கோடு.
கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு,
அதற்கும் வெளியே இன்னொன்று.
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
நுணுக்கிய எழுத்தில் தேதி.
1978 டிசம்பரில் உள்ளங்கை அளவு.
1984இல் ஒரு தலையணை.
1995இல் கதவுச் சட்டத்தைத் தொட்டுவிட்டது.
2006இல் கை நடுங்கியிருக்கிறது:
கோடு வழிதவறிக்
கடலுக்குள் கொஞ்சம் போய்த் திரும்புகிறது.

கீழ்ப்பக்கம்தான் வேகமாக வளர்ந்திருந்தது,
எங்கள் ஊர் மாதிரியே.
ஜன்னலைப் பார்த்தேன்.
பெயரில் மட்டும் கடற்கரை வைத்திருக்கும் சாலை,
அதற்கு அப்பால் மணல் கொட்டி எழுப்பிய நிலம்,
நிலத்தின்மேல் கண்ணாடிக் கோபுரங்கள்,
அவற்றின் இடுக்கில், நகராத ஒரு கப்பல்.

“ஏன் சரிசெய்யவே இல்லை?”
மிஸ் யோங் தோளைக் குலுக்கினார்.
“மேல்வீட்டுக் குளியலறைதான் காரணம் என்பார்.
சாகிறவரை சொன்னார்.”

மேல்வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.
குளியலறை சுக்காய்க் காய்ந்திருந்தது.
வெளிச்சுவரின் இணைப்பில்,
அவர் பெயர் வாங்கித் தந்த அந்த வளைவிலேயே,
மயிரிழை அளவு ஒரு விரிசல்.
கோடு கோடாய் அளந்தவருக்கு
இது தெரியாமலா இருந்திருக்கும்?
தெரிந்துமா அலமாரியை இழுத்து வைத்தார்?
என் குறிப்பேட்டில் இதற்குக் கட்டமில்லை.
இருக்கிற கட்டத்தில்
‘கறை’ என்று எழுதவேண்டிய இடத்தில்
அவசரத்தில் ‘கரை’ என்று எழுதியிருந்தேன்.
திருத்தவில்லை.

மூன்று மணிக்கு மழை பிடித்தது.
ஷஹாபுதீன் பெயிண்ட் வாளியைத் திறந்தான்.
பொறு, என்றேன்.
அரைமணி நேரம் இருவரும்
சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
பிறகு, தீவின் விளிம்பில்,
விரல் அகலத்துக்கு ஒரு புது ஈரம்.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
அதன் ஓரமாய் ஒரு கோடு இழுத்தேன்,
தேதி போட்டேன்.

மறுநாள் விரிசலை அடைத்தோம்.
சுவர் காய ஒன்பது நாள்.
அப்புறம் வெள்ளை, இரண்டு பூச்சு.
மூன்றாவதற்கு ஒப்பந்தத்தில் இடமில்லை.